கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

பசிபிக் தீவுகள் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பிஜிதான். பாரதியார் பாடிய கரும்புத் தோட்டம், ஒப்பந்தக் கூலிகள், கப்பல்... அந்தக் கதை ஓரளவு எல்லோருக்கும் தெரியும். அதே பிஜிக்கு வடக்கே, பூமத்திய ரேகையை ஒட்டி, உலகப் படத்தில் ஒரு புள்ளி வைத்தால் அந்தப் புள்ளியே தீவைவிடப் பெரிதாகிவிடும் அளவுக்குச் சிறிய சில நாடுகள் இருக்கின்றன. நவூரு, கிரிபாஸ், துவாலு. கூடவே, நாடாக வேண்டும் என்று கேட்டும் ஆக முடியாமல் போன பனாபா என்கிற தீவு. இந்த நான்கின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றையும் ஒரே ஒரு கல் கோர்த்து வைத்திருக்கிறது.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்து நம் பத்திரிகைகள் 'கிரிபாட்டி' என்று எழுதுவது வழக்கம். அந்த ஊர் மொழியில் 'ஸ்' என்ற ஒலியைக் குறிக்கத்தான் அந்தக் கடைசி எழுத்துக்கள். கில்பர்ட் என்ற வெள்ளைக்காரக் கப்பல் தலைவரின் பெயரில் இருந்த கில்பர்ட்ஸ் தீவுகள், உள்ளூர் நாக்கில் கிரிபாஸ் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

நிலப்பரப்பைப் பார்த்தால் சிரிப்பு வரும். நவூரு 21 சதுர கிலோமீட்டர். துவாலு ஒன்பது தீவுகளையும் சேர்த்து 26. கிரிபாஸுக்கு 33 தீவுகள், மொத்தம் சுமார் 811 சதுர கிலோமீட்டர். ஆனால் அந்த 33 தீவுகளும் சிதறிக் கிடக்கும் கடலின் பரப்பு சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிடப் பெரியது! நிலத்தில் ஏழை, கடலில் ஜமீன்தார். இந்த முரண்பாடு பின்னால் முக்கியமாகிறது.

கிரிபாஸ், துவாலு தீவுகளில் பெரும்பாலானவை பவழத் திட்டுகள். எரிமலை மூழ்கி, அதன் விளிம்பில் பவழம் வளர்ந்து, நடுவில் ஒரு காயலை வளைத்துக்கொண்டு வளையம் போல் நிற்பவை. கடல் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரம். ஆறு கிடையாது, மலை கிடையாது, களிமண் கூடக் கிடையாது. பெய்த மழை பவழ மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய நன்னீர் அடுக்காக மிதக்கும். அந்த அடுக்கு வரை குழி தோண்டி, இலை தழை போட்டு, ஒருவகைப் பெரிய சேம்பை வளர்ப்பார்கள். தாழம்பழம், தென்னை, ஈரப்பலா, மீன். தென்னம்பாளையைச் சீவி காலையும் மாலையும் இனிப்பு நீர் இறக்குவார்கள். குழந்தைக்கும் கொடுப்பார்கள், காய்ச்சிப் பாகும் எடுப்பார்கள், புளிக்க விட்டால் கள். நம் தென்னந்தோப்புக்காரர் ஒருவரைக் கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டால் முதல் நாளே மரம் ஏறிவிடுவார்.

ஒவ்வொரு கிராமத்திலும் பெரிய கூரை போட்ட ஒரு பொது மண்டபம் உண்டு. மனியாபா என்று பெயர். அதற்குள் ஒவ்வொரு குடிக்கும் பரம்பரையாக உட்காரும் இடம் ஒன்று இருக்கும். எங்கே உட்காருகிறாய் என்பதும் எந்த நிலத்துக்காரன் என்பதும் ஒன்றுதான். கிரிபாஸ் மொழியில் 'அபா' என்ற ஒரே சொல் நிலத்தையும் குறிக்கும், அந்த நிலத்து மக்களையும் குறிக்கும். இந்தச் சொல்லை மறந்துவிட்டு இந்தத் தீவுகளின் பொருளாதாரத்தைப் படித்தால் வெறும் கணக்காகத்தான் தெரியும்.

நவூருவும் பனாபாவும் இந்தப் பவழத் திட்டுகளிலிருந்து கொஞ்சம் மாறுபட்டவை. கடலுக்கு மேலே தூக்கி நிறுத்தப்பட்ட பவழப் பாறைகள். அந்தப் பாறையின் தூண்களுக்கு இடையே உலகிலேயே உயர்தரமான பாஸ்பேட் நிரம்பிக் கிடந்தது. காலங்காலமாகச் சேர்ந்த கடற்பறவைகளின் எச்சம்தான் அப்படி ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். அது அங்கே இருப்பது 1899 வரை வெளியுலகத்துக்குத் தெரியாது.

சிட்னியில் பசிபிக் ஐலண்ட்ஸ் கம்பெனி என்று ஒரு வியாபார நிறுவனம். அதன் அலுவலகத்தில் கதவு மூடாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரோ நவூருவிலிருந்து கொண்டு வந்தது. கல்லாகிப் போன மரத்துண்டு என்று நினைத்திருந்தார்கள். ஆல்பர்ட் எல்லிஸ் என்ற இளம் ஊழியருக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தேகம். கடைசியில் ஒரு துண்டை உடைத்துச் சோதித்தார். முதல் தரமான பாஸ்பேட்!

நவூரு அப்போது ஜெர்மனியின் கையில் (1888-லேயே எடுத்துக்கொண்டார்கள்). அங்கே நுழைய ஜெர்மானியர்களோடு பேரம் பேச வேண்டும். 300 கிலோமீட்டர் சொச்சம் கிழக்கே இருக்கும் பனாபா மேல் யாரும் கொடி நடவில்லை. எல்லிஸ் 1900 மே மாதம் நேராக அங்கே போய் இறங்கினார். மொத்தமே ஆறு சதுர கிலோமீட்டர் தீவு, சில நூறு மக்கள். பாறைக் குகைகளுக்குள் தவழ்ந்து போய்ப் பெண்கள் குடிதண்ணீர் எடுத்து வரும் ஊர். அங்கே இரண்டு பேரைப் பிடித்து ஓர் ஒப்பந்தத்தில் கைநாட்டு வாங்கினார். தீவின் பாஸ்பேட் முழுவதையும் 999 வருடத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு 50 பவுண்டு வாடகை, அதையும் சரக்காகவே கொடுக்கலாம். கைநாட்டு வைத்தவருக்குத் தீவு முழுவதையும் எழுதிக் கொடுக்க உரிமை இருந்ததா என்றால், பனாபாவில் அப்படி ஓர் உரிமை யாருக்குமே இருந்ததில்லை. ஒவ்வொரு துண்டு நிலமும் ஒவ்வொரு குடும்பத்துடையது. ஒப்பந்தச் சட்டத்தில் பாலபாடமே விற்பவனுக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அதை லண்டன் பார்க்கவில்லை. தீவைப் பிரிட்டிஷ் பாதுகாப்பில் சேர்த்துக்கொண்டது மட்டும் உடனே நடந்தது.

ஏன் இவ்வளவு அவசரம்? ஆஸ்திரேலிய, நியூசிலாந்து மண்ணில் பாஸ்பரஸ் சத்து குறைவு. இந்தக் கல்லைப் பொடித்துக் கந்தக அமிலத்தில் கலந்தால் சூப்பர் பாஸ்பேட் உரம். அதைத் தூவினால் கோதுமையும் விளையும், ஆட்டுக்குப் புல்லும் வளரும். முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றதும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து இரு தீவுகளின் சுரங்கத்தையும் வாங்கி, பிரிட்டிஷ் பாஸ்பேட் கமிஷனர்கள் என்ற அமைப்பிடம் கொடுத்தன. அது லாபம் காட்டாது. அடக்க விலைக்கே இரண்டு நாட்டு விவசாயிகளுக்கும் கல்லைக் கொடுக்கும். கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் உலகச் சந்தை விலையைவிடக் குறைந்த விலைக்குப் போன ஒவ்வொரு டன்னும், தீவுக்காரன் ஆஸ்திரேலிய விவசாயிக்குக் கொடுத்த மானியம். எந்தப் பேரேட்டிலும் அந்த வரி எழுதப்படவில்லை. நவூரு நிலக்காரருக்கு ஆரம்பத்தில் கிடைத்த ராயல்டி டன்னுக்கு அரைப் பென்னி.

1920-களின் கடைசியில் பனாபாக்காரர்கள் இனி நிலம் தர மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது அங்கே ரெசிடென்ட் கமிஷனராக இருந்தவர் ஆர்தர் கிரிம்பிள். பிற்காலத்தில் இந்தத் தீவுகளைப் பற்றி நகைச்சுவையும் பாசமுமாகப் புத்தகம் எழுதி இங்கிலாந்தில் புகழ் பெற்றவர். அதே கை 1928-ல் ஒரு கிராமத்துக்கு மிரட்டல் கடிதம் எழுதியிருக்கிறது. நிலத்தைக் கட்டாயமாக எடுத்துக்கொண்டார்கள்.

போர் இரண்டு தீவுகளையும் குலைத்துப் போட்டது. 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். நவூருவிலிருந்து சுமார் 1,200 பேரை ட்ரக் தீவுக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று திரும்பி வந்தவர்கள் 740-க்கும் குறைவு. பனாபா மக்களை வெவ்வேறு தீவுகளுக்குச் சிதறடித்தார்கள். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள், ஆனால் ஊருக்குக் கொண்டுபோகவில்லை. பனாபா இனி வாழத் தகுதியில்லை என்று சொல்லி, 1945 டிசம்பர் 15 அன்று பிஜியைச் சேர்ந்த ராம்பி என்ற தீவில் இறக்கினார்கள். தயாராக வீடு இருக்கும் என்று நம்பிப் போனவர்களுக்குக் கிடைத்தது ராணுவக் கூடாரம், அதுவும் புயல் காலத்தில். ராம்பித் தீவை 1942-லேயே 25,000 பவுண்டுக்கு வாங்கியிருந்தார்கள். பணம்? பனாபா மக்களின் சொந்த ராயல்டி நிதியிலிருந்து! ஊரைத் தோண்டி எடுத்த காசில், ஊரை விட்டுப் போக இடம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மக்கள் போன பிறகு சுரங்கம் இன்னும் வசதியாக நடந்தது. 1979-ல் சரக்கு தீர்ந்து நிற்கும்வரை சுமார் 2 கோடி டன் கல் போயிருக்கும்.

ராம்பியில் இருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ரோட்டன் டிட்டோ என்ற பெரியவர் பெயரில் லண்டன் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1970-களில் 200 நாட்களுக்கு மேல் விசாரணை. நீதிபதி ராபர்ட் மெகாரி தீவுக்கே போய்ப் பார்த்து வந்தார். கிரிம்பிளின் கடிதம் நீதிமன்றத்தில் படிக்கப்பட்டது. 1976-ல் வந்த தீர்ப்பு, சுருக்கமாக: அரசு இந்த மக்களுக்குக் காவலனாக இருந்திருக்க வேண்டும், ஆனால் அது நீதிமன்றம் வலியுறுத்தக்கூடிய டிரஸ்டி பொறுப்பு அல்ல. அதாவது தர்மப்படி தப்பு, சட்டப்படி தப்பில்லை. பிறகு மூன்று அரசுகளும் தாமாக முன்வந்து ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தந்தன.

நவூரு வேறு பாதையில் போனது. 1964-ல் அவர்களையும் குவீன்ஸ்லாந்து கரையோரம் ஒரு தீவுக்குக் குடிபெயர்க்கத்தான் ஆஸ்திரேலியா யோசனை சொன்னது. ஆஸ்திரேலியப் பிரஜைகளாகிக் கரைந்து போகச் சம்மதமில்லை என்று மறுத்துவிட்டார்கள். ஹேமர் டிராபர்ட் என்ற தலைவர் விடாப்பிடியாக நின்று 1968 ஜனவரி 31 அன்று சுதந்திரம் வாங்கினார். ட்ரக்கிலிருந்து திரும்பி வந்த அதே தேதி. 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்துச் சுரங்கத்தையும் வாங்கிக்கொண்டார்கள். உலக விலைக்கு விற்க ஆரம்பித்ததும் பணம் கொட்டியது. 1970-களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முதல் வரிசை நாடு. வருமான வரி இல்லை. மருத்துவம், கல்வி இலவசம். சொந்த விமானக் கம்பெனி. மெல்போர்னில் 52 மாடி நவூரு ஹவுஸ்.

கல் ஒருநாள் தீரும் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ராயல்டி டிரஸ்ட் ஏற்படுத்தினார்கள். ஒரு காலத்தில் அதன் மதிப்பு நூறு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியதாகச் சொல்வார்கள். பிரச்னை வேறு இடத்தில். சுரங்கக் கல்லை விற்று வரும் பணம் வருமானம் மாதிரித் தோன்றும், உண்மையில் அது முதல். தினமும் கடையின் ஒரு செங்கல்லை விற்றுவிட்டு, கல்லாவில் காசு இருக்கிறது என்று சந்தோஷப்படுவதைப் போல. நவூருவில் அரசாங்கச் செலவு கூடியபோது டிரஸ்டின் மேல் கடன் வாங்கினார்கள், கடனை அடைக்கக் கடன் வாங்கினார்கள். டிரஸ்டுக்கும் அரசுக்கும் நடுவே பூட்டு இல்லை. ஆலோசகர்கள் என்று வந்தவர்கள் சொன்னதிலெல்லாம் முதலீடு நடந்தது. 1993-ல் லண்டனில் லியனார்டோ டாவின்சி பற்றிய ஓர் இசை நாடகத்துக்குப் பணம் போட்டார்கள். சில வாரங்களில் மூடுவிழா. 2004-ல் நவூரு ஹவுஸ் கடன்காரர்கள் கைக்குப் போய் விற்கப்பட்டது. 2005-ல் நாட்டின் ஒரே விமானத்தையும் ஜப்தி செய்துகொண்டு போனார்கள். உள்ளூர் வங்கியில் போட்டு வைத்த சேமிப்பை எடுக்க முடியாமல் மக்கள் தவித்தார்கள்.

எல்லாவற்றையும் ஊதாரித்தனம் என்று சிரித்துவிட்டுப் போவது மேல்நாட்டுப் பத்திரிகைகளின் வழக்கம். அதில் பாதி நியாயம்தான் இருக்கிறது. தீவின் நடுப்பகுதி முழுக்க, கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு நிலம், கல் எடுத்த பிறகு எலும்புக் கூடாக நிற்கும் கூர்மையான பவழத் தூண்கள். அங்கே நடக்கவும் முடியாது, நடவும் முடியாது. விவசாயம் போய், டின் உணவும் சர்க்கரையும் கப்பலில் வந்தன, பின்னாலேயே நீரிழிவும் வந்தது. இந்த நிலத்தில் ஒரு பெரிய பங்கு சுதந்திரத்துக்கு முன்பே மற்றவர்கள் தோண்டியது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு யாருடையது என்று ஆராய 1986-ல் நவூரு ஒரு கமிஷன் வைத்தது. தலைவர், இலங்கையின் சட்ட அறிஞர் சி. ஜி. வீரமந்திரி. பிறகு 1989-ல் ஆஸ்திரேலியா மேல் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு. நீதிமன்றம் வழக்கை ஏற்றுக்கொண்டதும் ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்தது. 1993-ல் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். லண்டனில் பனாபா இழந்ததை ஹேக்கில் நவூரு ஓரளவு மீட்டது என்று சொல்லலாம். பனாபா ஒரு நாடு அல்ல என்பதால் அந்தப் படி ஏறவே அதற்கு வழியில்லை.

கல்லும் பணமும் போன பின் நவூருவுக்கு விற்க மிச்சமிருந்தது இறையாண்மைதான். தபால் பெட்டி முகவரி மட்டுமே உள்ள வங்கிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தார்கள். கறுப்புப் பணம் புழங்குகிறது என்று உலகம் கத்தியதும் நிறுத்தினார்கள். தைவானுக்கும் சீனாவுக்கும் நடுவே அங்கீகாரத்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கடைசியாக 2024-ல் சீனா பக்கம். 2001-ல் ஆஸ்திரேலியா தன் கரைக்கு வந்த அகதிகளை நவூருவில் அடைத்து வைக்க இடம் கேட்டது. 2008-ல் மூடி 2012-ல் மறுபடி திறந்த அந்த முகாம், கல்லுக்கு அடுத்த பெரிய வருமானமாகிவிட்டது. 2015-ல் மறுபடி ஒரு தலைமுறை நிதி தொடங்கியிருக்கிறார்கள். இந்த முறை பங்களித்த வெளிநாடுகளும் உடன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கின்றன.

இப்போது கிரிபாஸ். இங்கேதான் கதை சிக்கலாகிறது. பனாபா தீவு கில்பர்ட், எல்லிஸ் தீவுகளின் காலனி நிர்வாகத்தில் இருந்ததால், அதன் பாஸ்பேட் வருவாயில் பெரும்பங்கு காலனி கஜானாவுக்குத்தான் போனது. அதில் ஒரு பகுதியை எடுத்து 1956-ல் ஒரு சேம நிதி ஆரம்பித்தார்கள். 1979 ஜூலையில் கிரிபாஸ் சுதந்திரம் பெற்றது. அதே வருடம் பாஸ்பேட் நின்றது. வருமானத்தில் பெரும்பகுதி ஒரே வருடத்தில் காணாமல் போனது! இருந்தும் முதலைத் தொடவில்லை. கொப்பரை, கருவாடு, ஜெர்மன் கப்பல்களில் வேலை பார்க்கும் மாலுமிகள் அனுப்பும் பணம் என்று ஒட்டி வாழ்ந்தார்கள். நிதி வெளிநாட்டுப் பங்குகளிலும் பத்திரங்களிலும் வளர்ந்து, பின்னாளில் நூறு கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. சிறு நாடுகளின் நிதி நிர்வாகத்துக்கு உதாரணமாக இன்று அதைக் காட்டுகிறார்கள். சும்மா சொல்லக்கூடாது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த நிதியின் விதைநெல் பனாபா நிலம். அந்தப் பாராட்டுரைகளில் பனாபாவின் பெயர் ஓரமாகத்தான் வருகிறது. கிரிபாஸ் நாடாளுமன்றத்தில் ராம்பித் தீவு மக்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தனி நாடு கேட்டவர்களுக்குக் கிடைத்தது அது.

எல்லிஸ் தீவுகள் 1975-ல் காலனியிலிருந்து பிரிந்து துவாலு ஆயின. பிரியும்போது போட்ட நிபந்தனை கடுமையானது: பாஸ்பேட் பணத்தில் பங்கு கிடையாது. ஒரு கப்பல் கிடைத்தது. பாகப் பிரிவினையில் அண்டா குண்டாவோடு வெளியே போன தம்பி மாதிரிதான். ஆனால் இந்தத் தம்பி கெட்டிக்காரன். 1987-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றிடம் வருடாவருடம் கை நீட்டுவதைவிட மொத்தமாக ஒரு தொகை கொடுங்கள் என்று கேட்டு, தானும் கொஞ்சம் போட்டு, சுமார் 2.7 கோடி ஆஸ்திரேலிய டாலரில் ஒரு டிரஸ்ட் நிதி தொடங்கினார்கள். நிதியில் இரண்டு கணக்கு. முதல் கணக்கில் இருப்பது ஆஸ்திரேலிய விலைவாசிக்கு ஏற்ப மதிப்புக் குறையாமல் நிற்க வேண்டும். அதற்கு மேலே மிஞ்சினால் மட்டும் இரண்டாவது கணக்குக்கு வரும், அதைத்தான் அரசு தொடலாம். மிஞ்சாத வருடம் ஒன்றும் கிடையாது. நவூருவில் இல்லாத பூட்டு இதுதான். பிறகு இணையத்தில் தங்கள் நாட்டு அடையாளமான 'டிவி' என்ற இரண்டெழுத்தைத் தொலைக்காட்சிக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் 2000-ல் ஐ.நா. உறுப்பினர் ஆனார்கள்.

கடலில் ஜமீன்தார் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு இப்போது வேளை வருகிறது. 1982-ல் கடல் சட்ட உடன்படிக்கை ஒவ்வொரு கரையோர நாட்டுக்கும் 200 கடல் மைல் வரை பொருளாதார உரிமை கொடுத்தது. அதே வருடம் நவூருவும் கிரிபாஸும் அக்கம்பக்கத்து நாடுகளும் சேர்ந்து சூரை மீனுக்காக நவூரு ஒப்பந்தம் போட்டார்கள். பெரிய வலைக் கப்பல்கள் இத்தனை நாள்தான் பிடிக்கலாம், ஒரு நாளுக்கு இவ்வளவு கட்டணம் என்ற முறை 2007-ல் வந்தது. ஒரு கப்பல் நாளுக்குக் குறைந்தபட்ச விலை 2015-ல் 8,000 அமெரிக்க டாலர். தனித்தனியாக நின்றபோது சில்லறைக்கு மீனை விட்டவர்கள் சேர்ந்து நின்றதும் விலை சொன்னார்கள். இன்று கிரிபாஸ் அரசின் வருமானத்தில் பாதிக்கு மேல் இந்த லைசென்ஸ் கட்டணம். கல்லைப் போல இல்லாமல் மீன் குட்டி போடும் முதல். அளவோடு பிடித்தால்.

ஆனால் கீழே இருக்கும் நிலமே கடலுக்குள் போனால் நிதியை வைத்து என்ன செய்வது? இந்தக் கேள்வி எந்தக் கணக்குப் பாடத்திலும் இல்லை. கடல் மட்டம் ஏறுகிறது, பெரிய அலை அடித்தால் சேம்புக் குழிகளில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது. துவாலு 2023-ல் ஆஸ்திரேலியாவோடு செய்துகொண்ட உடன்படிக்கைப்படி வருடத்துக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025-ல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டின் பெரும்பாலோர் பெயர் கொடுத்தார்கள். கிரிபாஸ் 2014-ல், அனோட்டே டாங் ஜனாதிபதியாக இருந்தபோது, பிஜியின் வனுவா லெவு தீவில் சுமார் 20 சதுர கிலோமீட்டர் நிலம் வாங்கியது. உணவு விளைவிக்கவும், வேறு வழியே இல்லாவிட்டால் போய் இருக்கவும். அடுத்து வந்த அரசு குடிபெயரும் பேச்சைக் குறைத்துக்கொண்டது.

அந்த வனுவா லெவுவுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ராம்பி. பனாபா மக்களுக்கு அவர்கள் பணத்திலேயே வாங்கிக் கொடுத்த தீவு. அங்கே நான்கு கிராமங்கள். தபியாங், உமா, தபுவேவா, புவாகோனிகாய். பனாபாவில் தோண்டப்பட்டுப் போன நான்கு ஊர்களின் பெயர்கள்தான் அவை. வருடா வருடம் டிசம்பர் 15 அன்று அங்கே ஆட்டமும் பாட்டுமாக விழா எடுக்கிறார்கள். கப்பலிலிருந்து இறங்கிய நாள்.